சமூகப்பணி படிப்பதா, மனித சேவைகள் படிப்பதா? எப்படித் திட்டமிடுவது?

பள்ளி முடிக்கப் போகிறீர்கள், இந்த இரண்டு பட்டங்களில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சமூகப்பணி படித்தவள், இன்றும் அதே வேலையில் இருக்கிறேன்.

முதலில் என்ன வேலை செய்ய ஆசை என்று யோசியுங்கள். மனநல ஆலோசனை தர வேண்டுமென்றால் பல இடங்களில் உரிமம் கேட்பார்கள். இந்த இரண்டில் அதற்கு வழி தருவது சமூகப்பணிப் பட்டம்தான், பெரும்பாலும் முதுகலை தேவைப்படும். காப்பகங்கள், உதவித் திட்டங்கள் போன்றவற்றை நடத்தும் வேலைதான் பிடிக்கும் என்றால் மனித சேவைகள் பொருந்தும். அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்களும் முதுகலைச் சமூகப்பணியில் சேரலாம். ஆனால் இளங்கலையிலேயே சமூகப்பணி படித்தவர்களுக்குப் பல கல்லூரிகள் அந்தப் படிப்பைச் சுருக்கித் தருகின்றன. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

உளவியல், சமூகவியல், சட்டம், கொஞ்சம் புள்ளியியல் எல்லாம் பாடத்தில் வரும், சமாளித்துவிடலாம். களப்பணிதான் உயிர். அமெரிக்காவில் சமூகப்பணிப் படிப்பே 1898-ல் நியூயார்க்கில், தொண்டு அமைப்புகளில் வேலை செய்தவர்களுக்கான 6 வாரக் கோடைப் பயிற்சியிலிருந்து வளர்ந்ததுதான். இன்று அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி நேரமும், முதுகலைக்கு 900 மணி நேரமும் களப்பணி செய்தாக வேண்டும்.

என்னை முதலில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பாட்டியோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, நடந்த உரையாடலை நினைவிலிருந்து அப்படியே நோட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் நான் பேசிய வரிகளுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டார். 4 பக்கத்தில் பாட்டி பேசியது 14 வரிதான். "மகன் வந்து ரொம்ப நாளாச்சு" என்று அவர் சொன்ன இடத்தில், "கவலைப்படாதீங்க பாட்டி, வருவார்" என்று சொல்லியிருந்தேன். "வருவார்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். அடுத்த வாரம் பாட்டி அதே பேச்சை எடுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார். அப்புறம், "நான்தான் அவனை வராதேன்னு சொன்னேன்" என்றார்.

அந்தப் பென்சில் கோடு இல்லையென்றால் நான் இன்னும் ஆறுதல் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பேன். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பெயரையும் பார்த்து மயங்காதீர்கள். அங்கே இப்போது படிக்கும் ஒருவரைப் பிடித்து, களப்பணி அறிக்கையை யார் படிக்கிறார்கள், வாரா வாரம் உட்கார்ந்து பேசுகிறார்களா, வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்களா என்று கேளுங்கள்.

பணத்தையும் இப்போதே கணக்கில் வையுங்கள். களப்பணிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவும் உங்களுடையதாகவே இருக்கும். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்தால், களப்பணி வரும் பருவத்தில் அதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம். சேருவதற்கு முன் சில மாதங்கள் எங்காவது தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அங்கே பார்த்த முகங்கள் கண்ணிலேயே நிற்கும். அதைத் தாங்க முடிகிறதா என்று கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.