வளரும் நாடுகளுக்கு யார் தலைவர்?

அன்புள்ள ஐயா,

மலேசியா 2025 ஜனவரி முதல், சீனா, இந்தியா, ரஷ்யா, பிரேசில் போன்ற நாடுகள் சேர்ந்த பிரிக்ஸ் அமைப்பின் பங்காளி நாடு. முழு உறுப்பினராக ஏன் தயங்குகிறோம்? வளரும் நாடுகளுக்குத் தலைமை தாங்கப்போவது சீனாவா, இந்தியாவா? மலேசியத் தமிழர்கள் இந்தியாவின் பக்கம் நிற்பதுதானே இயல்பு?

- ஒரு வாசகர், கிள்ளான்

அன்புள்ள நண்பருக்கு,

2023 செப்டம்பரில் கடைக்கு அரிசி வாங்கப் போனீர்களா? ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்குத் தாவியது. உடனே எல்லோரும் உள்ளூர் அரிசியைத் தேடினார்கள். பினாங்கில் எங்கள் தெரு மளிகைக் கடையில், 10 கிலோ 26 ரிங்கிட் பைகள் அடுக்கியிருந்த இடத்தில் துடைப்பம் சாத்தி வைத்திருந்தார்கள். வந்த அன்றைக்கும் ஆளுக்கு ஒரு பைதான். அக்டோபரில் டில்லி மனமிரங்கி மலேசியாவுக்கென்று 1,70,000 டன் ஒதுக்கியது. வளரும் நாடுகளின் குரல் என்று அது மாநாடு கூட்டியதும் அதே ஆண்டு ஜனவரியில்தான்! இதற்காக இந்தியாவைத் திட்ட மாட்டேன். எந்த அரசும் முதலில் தன் வீட்டுப் பானையைத்தான் பார்க்கும். அப்படிப் பார்க்கிறவரைத் தலைவர் என்று தூக்கி வைக்கவும் மாட்டேன். செம்பனை எண்ணெய் கதையும் இதே ரகம்: அப்போதைய நம் பிரதமர் மகாதீர் காஷ்மீர் விஷயத்தில் இந்தியாவைக் குறை சொன்னார்; 2020 ஜனவரியில் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஆனால் 2003-இல், காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே மருந்து வாங்க வழிவிடும் அரசு உரிமத்தை நம் அரசு வழங்கி, எச்.ஐ.வி. மருந்துகளை மலிவாகத் தருவித்தது இதே இந்தியாவிலிருந்துதான். ஹெபடைடிஸ் சி மருந்துக்குக் கைகொடுத்தது எகிப்து. காப்புரிமை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், நடுத்தர வருமான நாடு என்று சொல்லி மலேசியாவை நெடுங்காலம் மலிவு விலைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2017-இல் அரசு மீண்டும் அந்த உரிமத்தைக் கையில் எடுத்தது. எகிப்தின் பார்கோ நிறுவனத்தோடு சேர்ந்து, 12 வாரச் சிகிச்சையைச் சுமார் 300 டாலருக்குள் முடிக்க வழி தேடினார்கள். நம் அரசு மருத்துவமனைகளிலேயே பரிசோதித்த புதிய மருந்து 2021-இல் இங்கே பதிவானது. இதற்கு யாரும் கொடி ஏற்றவில்லை, குழுப்படம் எடுத்துக்கொள்ளவில்லை. தலைமை என்று நான் மதிப்பது இந்த மாதிரிக் காரியங்களைத்தான். அரிசிக்கு ஒரு கூட்டாளி, மருந்துக்கு வேறொரு கூட்டாளி. அடுத்த ஆண்டு அதுவும் மாறலாம்.

தமிழர் என்று பெருமைப்பட வேண்டுமா? காப்புரிமைச் சட்டத்தில் இப்படியொரு கதவு இருக்கிறது, திறங்கள் என்று ஓயாமல் சொல்லி வந்த அமைப்புகளில் ஒன்று, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக நெட்வொர்க். அதை நிறுவிய எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்தவர்.

பிரிக்ஸைப் பொறுத்தவரை, இந்தோனேசியா அதே ஜனவரியில் முழு உறுப்பினராகிவிட்டது. அது அவர்கள் கணக்கு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் மின்னணுச் சில்லுகளை அமெரிக்காவும் வாங்குகிறது, சீனாவும் வாங்குகிறது. இருவரும் வாங்கும்வரை பங்காளி நாற்காலியே எனக்குப் போதும்.