இன்சுலின் அளவு குறைந்தால் சர்க்கரை நோய் குணமாகிவிட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, எடை 26 கிலோ. மூன்று மாதம் முன்பு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். முதலில் நாளுக்கு 20 யூனிட் இன்சுலின் போட்டோம். இப்போது 6 யூனிட்டிலேயே சர்க்கரை 90 முதல் 140-க்குள் இருக்கிறது. கணையம் சரியாகிவிட்டது, ஊசியை நிறுத்து என்கிறார் மாமியார். மாமனாரைப் போல மாத்திரைக்கு மாறலாமா? இனிப்பு அதிகம் கொடுத்ததால்தான் இது வந்ததா?

பதில்: ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். கணையம் சரியாகவில்லை, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கணையத்தின் பெரும்பகுதிக்குச் செரிமான நீர் சுரப்பதுதான் வேலை. அதற்குள் திட்டுத்திட்டாக லட்சக்கணக்கான சிறு செல் கூட்டங்கள் இருக்கின்றன. மொத்தமாகச் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் வரும். அவற்றிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரக்கின்றன. கிருமியை அழிக்க வேண்டிய டி செல்கள் உங்கள் மகளுக்கு இந்த பீட்டா செல்களையே எதிரியாக நினைத்துத் தாக்குகின்றன. பக்கத்திலேயே இருக்கும் செரிமானச் செல்களை அவை குறிவைப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நடந்தும் அவளுக்குச் சாப்பாடு செரிக்கிறது.

இந்தத் தாக்குதல் மூன்று மாதம் முன்பு தொடங்கியதல்ல. பல மாதங்களாக, ஏன் வருடங்களாகக்கூடச் சத்தமில்லாமல் நடந்திருக்கும். அந்தக் கட்டத்தில் பரிசோதித்திருந்தால் சர்க்கரை சரியாக இருந்திருக்கும். பீட்டா செல்லுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஜிஏடி போன்ற எதிர்ப்பொருட்கள் மட்டும் ரத்தத்தில் தெரிந்திருக்கும். பீட்டா செல்களில் பெரும்பகுதி செயலிழந்த பிறகே தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு எல்லாம் வரும்.

அப்படியானால் 20 எப்படி 6 ஆனது? மிச்சமிருந்த செல்களில் சில சாகவில்லை. ரத்தத்தில் ஏறிக்கிடந்த சர்க்கரையே அவற்றை முடக்கிப் போட்டிருந்தது. ஊசி சர்க்கரையை இறக்கியதும் அவை மறுபடி சுரக்கத் தொடங்கின. கிலோவுக்கு 0.77 யூனிட்டாக இருந்த தேவை 0.23 ஆகிவிட்டது. இதற்கு 'தேனிலவுக் காலம்' என்று பெயர். யார் வைத்த பெயரோ, பெற்றோரை ஏமாற்றுவதற்கென்றே வைத்தது போலிருக்கிறது. தாக்குதல் நிற்கவில்லை. பெரும்பாலும் சில மாதங்களில், சிலருக்கு ஓரிரு வருடத்தில் இது முடியும். பிறகு தேவை கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை ஏறும். பருவமடையும்போது அதற்கும் மேலே போகலாம். அப்போது நோய் முற்றிவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

மாமனாருக்கு இருப்பது டைப் 2 என்றால், அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்வதில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை பீட்டா செல்லை உசுப்பிச் சுரக்க வைக்கும். உங்கள் மகளிடம் அழிந்துகொண்டிருப்பதே அந்த செல்தான். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரை வாகும் இன்னும் முழுதாகப் பிடிபடாத வெளிக்காரணங்களும் சேர்ந்து வருவது. உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் கவலை தாழ்சர்க்கரையாக இருக்க வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினால் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அடிக்கடி இறங்கினால் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

சிரிஞ்சைக் கவனியுங்கள். குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா மருந்து பொதுவாக 100 யூனிட். அவசரத்துக்கு அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 6 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 15 யூனிட். அவள் எடைக்கு அது ஆபத்து.

காய்ச்சல் வந்து சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை விடாதீர்கள். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். 250-க்கு மேல் போனால் சிறுநீரில் கீட்டோன் பட்டையும் வைத்துப் பாருங்கள் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்தான் கீட்டோன்). கீட்டோன் நடுத்தர அளவைத் தாண்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஆழமாக மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.