வேலையில் இருந்துகொண்டே ஓராண்டு இணையவழி எம்பிஏ: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் முழுநேர வேலை பார்த்தபடியே ஓராண்டில் இணையவழி எம்பிஏ முடிக்க எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தரவரிசைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே வழக்கமான 15 வாரப் பருவத்தில் ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரத் தனிப்படிப்பும் என்பது பொதுவான அளவுகோல் என்பதால், 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு மொத்தம் 135 மணி நேரம் ஆகிறது. அதையே 8 வாரத்தில் முடிப்பதென்றால் வாரம் சுமார் 17 மணி நேரம், இரு பாடங்களைச் சேர்த்து எடுத்தால் 34 மணி நேரம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரும் சுமை. ஆகவே இடையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கும் பல்கலைக்கழகத்தையே நான் பரிந்துரைப்பேன்.

வணிகக் கல்வியின் தரத்தை மதிப்பிடும் ஏஏசிஎஸ்பி (AACSB) அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதை அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள்.

பலர் கவனிக்காதது கட்டண உதவி. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரைதான் பொதுவாக வரிவிலக்கு கிடைக்கிறது. இந்த வரம்பு காலண்டர் ஆண்டுக்கானது என்பதால், ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிப்பவருக்கு அது ஒருமுறையே பயன்படும், ஆகஸ்டில் தொடங்குபவருக்கோ இருமுறை பயன்படக்கூடும்.