மாரியப்பன் பேரைக் கேட்டாலே இப்போது எரிச்சல் வருகிறது

வணக்கம் மேடம். எனக்கு 24 வயது, நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். போன வருடம் நடந்த பைக் விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஊர் கபடி டீமில் நான்தான் ரைடர். ஸ்கூல் படிக்கும்போதிருந்தே மாரியப்பன் தங்கவேலு என்றால் எனக்கு உயிர், பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி சுவரில் ஒட்டியிருந்தேன், சேலத்துக்காரர் ஒருத்தர் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார் என்று எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருப்பேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "மாரியப்பனைப் பாரு, மனசு வெச்சா முடியாதா?" என்கிறார்கள். மாமா தினமும் சொல்கிறார். செயற்கைக் கால் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே தோல் உரிந்து புண்ணாகிவிடுகிறது, அதனால் அது மூலையில் கிடக்கிறது. இல்லாத பாதத்தில் ராத்திரி எரிச்சல் வருகிறது, சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏன் பிழைத்தோம் என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. அந்தப் படத்தையும் கிழித்துவிட்டேன். எனக்கு மன உறுதியே இல்லையா மேடம்?

தம்பி,

முதலில் அந்தக் கடைசி விஷயம். ஏன் பிழைத்தோம் என்ற நினைப்பு வரும்போது தனியாக இருக்காதீர்கள், அம்மாவிடமோ நம்பிக்கையான ஒரு நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். இன்றைக்கே பேசிவிடுங்கள்.

அப்புறம், தோல் உரிவதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வருடம் மீதிக் காலின் வீக்கம் வற்றிச் சதை குறைந்துகொண்டே வரும், அன்றைக்கு அளவெடுத்துச் செய்த சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் மீதிக் காலை நுழைக்கும் கிண்ணம் போன்ற பகுதி, லூசாகி உரசும். புண் ஆறும்வரை போடாதீர்கள், ஆனால் செய்து கொடுத்தவர்களிடம் திரும்பப் போய் சரிசெய்யச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் புது சாக்கெட். இல்லாத பாதம் எரிவதும் கற்பனை இல்லை. கால் போன பிறகும் மூளையில் அதற்கான இடம் அப்படியே இருக்கிறது. மாத்திரை உண்டு, கண்ணாடியில் நல்ல காலைப் பார்த்துக்கொண்டே செய்யும் பயிற்சியும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, மாரியப்பனுக்கு வருவோம். ஊரில் எல்லோரும் அவர் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் உங்களிடம் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். ஸ்கூலுக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியபோது அவருக்கு 5 வயது, ரியோவில் 1.89 மீட்டர் தாண்டியபோது 21. நடுவில் எத்தனை வருடம் பாருங்கள். அந்த வருடங்களில் அம்மா சரோஜா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார், வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர், பெங்களூருக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தவர் சத்யநாராயணா. இத்தனை பேர் தோள் கொடுத்த ஒரு மனிதரைக் காட்டி, உங்களை மட்டும் தனியாக மனசு வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உங்களுக்கே தெரியும். டோக்கியோவில் மழை பெய்தது, பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து ஒட்டிக்கொண்டது, அது தொல்லை கொடுத்தது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிவிட்டார், மன உறுதி குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நீங்களே சண்டைக்குப் போவீர்கள் இல்லையா? ஈர சாக்ஸைப் பற்றி அவர் பேசலாம் என்றால், உரசும் சாக்கெட்டைப் பற்றி நீங்களும் பேசலாம்.

மாமாவுக்கு உங்கள் மேல் பாசம் இருக்கிறது, என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "மாமா, அவர் பேரைச் சொல்லாதீங்க, நாளைக்கு என்னை செயற்கைக் கால் சென்டருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நேராகவே கேளுங்கள்.

கபடி போனதற்கு ஈடாக நான் எதையும் சொல்லப்போவதில்லை. அது பெரிய இழப்பு, அழத் தோன்றினால் அழுங்கள். பழைய டீம் பையன்கள் கூப்பிட்டால், மனம் ஒப்பும் நாளில் கிரவுண்டுக்குப் போய் உட்காருங்கள், ஒப்பாத நாளில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாக்கெட் மாற்றியதும் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.