பாக்கின் ஸி மைனர் பிரிலூட்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே பாட்டைப் பற்றி. 1722-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தொகுத்த 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' என்ற கீபோர்டு இசைத் தொகுப்பின் முதல் பாகத்தில் வரும் ஸி மைனர் பிரிலூட் (முன்னுரை மாதிரியான சின்ன இசைத் துண்டு). மொத்தமே 38 பார் (தாளக் கட்டங்கள்).

எவ்வளவு வேகம் சார்? யூடியூபில் ஒருவர் தையல் மெஷின் ஓட்டுகிறார், இன்னொருவர் தாலாட்டுகிறார்.

தொடக்கத்தில் பாக் எந்த வேகமும் எழுதவில்லை. உங்கள் புத்தகத்தில் மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண் இருந்தால் அது பின்னால் வந்த பதிப்பாசிரியரின் கைவரிசை, ஏனென்றால் பாக் 1750-ல் போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அந்தக் கருவியே புழக்கத்துக்கு வந்தது. நான் 28-ஆவது பாரிலிருந்து பின்னோக்கி முடிவு செய்வேன். அங்கே 'பிரெஸ்டோ' (மிக வேகமாக) என்று இருக்கிறது, இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்துகின்றன. முதல் பாரிலேயே தலைதெறிக்க ஓடினால் அங்கே போனதும் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொரு பாரிலும் அதே நோட்டுகள் இரண்டு தடவை வருகின்றன. இரண்டாவதைச் சன்னமாக வாசிக்கச் சொல்கிறார் டீச்சர்.

தப்பில்லை, ஆனால் பார் பாராக இப்படியே செய்தால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். ஒரு வாரம் ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாரின் நோட்டுகளையும் ஒரே கார்டாக, அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து, அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். முதல் நான்கு பாரிலும் அடியில் ஸி என்ற நோட்டு அசையாமல் நிற்கிறது. மேலே ஸி மைனர், அப்புறம் எஃப் மைனர், மூன்றாவதில் வலது கையின் உச்சியில் பி வந்து கீழே இருக்கும் ஸியோடு உரசுகிறது, நான்காவதில்தான் மூச்சு விட முடிகிறது. அந்த உரசல் காதில் ஏறிவிட்டால் எதைச் சன்னமாக வாசிப்பது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதை இரண்டு வருஷம் வெறும் விரல் பயிற்சியாக வாசித்துத் தள்ளியவன் சொல்கிறேன்.

பெடல் போடலாமா?

பாக் வாசித்த பழைய கீபோர்டு வாத்தியங்களான ஹார்ப்சிகார்டிலும் கிளாவிகார்டிலும், நோட்டுகளைக் காலால் நீட்டும் அப்படி ஒரு பெடலே கிடையாது. பியானோவில் காலே வைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் முதல் பாரில் ஈ ஃப்ளாட்டும் (அரைப் படி தாழ்ந்த ஈ) டியும் மாறி மாறி வருகிற இடத்தில் அழுத்திப் பாருங்கள், கஞ்சிதான்.

34-ஆவது பார் 'அடாஜியோ' (மெதுவாக) என்கிறது, நோட்டுகளோ கன்னங்கரேலென்று நெருக்கியடிக்கின்றன. எப்படி எண்ணுவது?

முதலில் ஒழுங்காக எண்ணிப் பழகுங்கள், பிறகு எண்ணுவதை விட்டுவிடுங்கள். விருத்தம் பாடுகிறவர் தாளத்தை விட்டு இறங்கி நிற்பாரே, அப்படி ஒரு இடம் இது. தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமானுக்காக பாக் 1720-ல் ஆரம்பித்த பயிற்சிப் புத்தகத்தில் இதே பிரிலூட் இன்னும் குட்டியாக இருக்கிறது, அதில் பிரெஸ்டோவும் இல்லை, இந்த அடாஜியோவும் இல்லை. பிறகு யோசித்துச் சேர்த்த இடம், அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

கடைசியில் மேஜராக முடிகிறதே, அச்சுப்பிழையா?

இல்லை. சோகம் தொனிக்கும் மைனர் பாட்டைப் பிரகாசமான மேஜர் கார்டில் முடிப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படி மேஜராக்குகிற, ஃப்ளாட் நீங்கிய அந்த ஈ-யை ஓங்கி அடிக்காதீர்கள், சும்மா வைத்தாலே கேட்கும்.