பல்ஸ் 46 இருக்கட்டும்ங்க, ஏத்தத்துல விழுந்ததை மொதல்ல சொல்லுங்க

கேள்வி: டாக்டர், நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க. பையனுக்கு 19 வயசு, கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிறான். ரேஸ் சைக்கிள் ஓட்டறவன், ஞாயித்துக்கிழமையானா போத்துண்டி டேம்ல இருந்து நெல்லியாம்பதி வரைக்கும் ஏறிட்டு வருவான். போட்டிக்காக எடுத்த ஈசிஜில பல்ஸ் 46, 'அப்நார்மல்'னு பிரிண்ட் ஆயிருக்குது. வெளிநாட்டுல சின்ன வயசு சைக்கிள் வீரருங்க ரேஸ்லயே இறந்து போறாங்கன்னு வீடியோ வேற பாத்தேன், ராத்திரி தூக்கமே இல்லீங்க. போன மாசம் ஏத்தத்துல கண்ணைக் கட்டிக் கீழ விழுந்தான், வெயிலுன்னு சொல்லிட்டான். என் தம்பியும் 29 வயசுல நோம்பி சமயத்துல வாலிபால் ஆடறப்போ சுருண்டு விழுந்து போயிட்டான், கண்ணு பட்டுருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. சைக்கிளை வித்துறலாமுங்களா?

பதில்: அம்மா, நீங்க பயந்தது 46-ஐப் பாத்து, எனக்கு திக்குன்னு ஆனது கடைசியில போற போக்குல எழுதியிருக்கீங்களே அந்த ரெண்டு விஷயத்தைப் பாத்து.

பல்ஸை மொதல்ல முடிச்சுருவோம். வருஷக்கணக்கா சைக்கிள் மிதிக்கிற பையனுக்கு இதயம் கொஞ்சம் பெருசாகி ஒரே துடிப்புல நெறைய ரத்தத்தைத் தள்ளிரும், அதனால சும்மா உக்காந்திருக்கறப்போ மெதுவா அடிச்சாலே போதும், 40, 45 எல்லாம் இவங்களுக்கு சகஜம், மெஷினுக்கு இது தெரியாது, 60க்குக் கீழ போனாலே அப்நார்மல்னு அடிச்சுத் தள்ளிரும். அந்தக் காகிதத்துல பல்ஸைத் தவிர வேற ஏதாச்சும் கோளாறு இருக்கான்னு இதய டாக்டர் ஒருத்தர் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்.

இப்போ விழுந்த கதை. பையனை உக்கார வெச்சு ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஏறி முடிச்சு சைக்கிளை விட்டு இறங்கி நின்னதுக்கப்புறம் தலை சுத்துச்சா, இல்ல மிதிச்சுக்கிட்டு இருக்கறப்பவே கண்ணு இருட்டுச்சா? நின்னதுக்கப்புறம்னா பெரும்பாலும் ரத்தம் காலுல தங்கிப் போறதால வர்ற மயக்கம், அதுல பெருசா பயமில்ல. மிதிக்கறப்பவேன்னா அது வெயில் இல்ல, சோறு சாப்பிடாதது இல்ல, இதயம் சரியா இருக்குன்னு டெஸ்ட்ல நிரூபணம் ஆகற வரைக்கும் அதை இதயத்தோட பிரச்சனைன்னுதான் நாங்க எடுத்துக்குவோம். இந்த வயசுப் பசங்க போட்டியில இருந்து எடுத்துருவாங்களோன்னு பயந்து மறைப்பாங்க, அதட்டாம கேளுங்க.

அடுத்து உங்க தம்பி. போஸ்ட்மார்ட்டம் பண்ணலைன்னு நினைக்கறேன், நம்ம பக்கம் இப்படிப் போனா கண்ணு பட்டுது, கேஸ் நெஞ்சுல ஏறிருச்சுன்னு சொல்லி அன்னிக்கே எடுத்துருவாங்க. 29 வயசுல ஆடிக்கிட்டு இருக்கறப்போ சுருண்டு விழுந்தா எங்களுக்கு மொதல்ல தோணறது இதயத் தசை தடிச்சுப் போற நோய், ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. ஏறக்குறைய 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்குது, முக்கால்வாசிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாம ஆயுசு முழுக்க ஓடிரும். இதுல தசை நாருங்க இழை கலைஞ்ச துணி மாதிரி தாறுமாறா கெடக்கும், மூச்சு முட்ட ஓடறப்போ மின் ஓட்டம் அந்த எடத்துல சிக்கி, துடிக்க வேண்டிய இதயம் சும்மா நடுங்க ஆரம்பிச்சுரும், ரத்தம் மூளைக்குப் போறதில்ல, சில நொடியில ஆளு சாஞ்சுருவாங்க. 2003ல கேமரூன் ஃபுட்பால் வீரர் மார்க் விவியன் ஃபோ கிரவுண்டுலயே விழுந்து இறந்தாரே, 28 வயசு, பரிசோதனையில கண்டுபிடிச்சது இந்த நோயைத்தான். வேற காரணமும் உண்டு: வலது பக்கத் தசை கொழுப்பா மாறிப் போறது, ரத்தக்குழாய் பிறவியிலேயே தப்பான எடத்துல இருந்து கெளம்பறது, ஈசிஜில க்யூடிங்கற எடைவெளி நீளமா இருக்கற மாதிரி வெறும் மின்சாரக் கோளாறு, வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னாடி வர்ற இதயத் தசை வீக்கம்.

தசை தடிக்கற நோய் பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா குழந்தைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க தம்பிக்கு இருந்திருந்தா உங்களுக்கும் இருக்கலாம், உங்க வழியா பையனுக்கும் வந்திருக்கலாம், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலேயே. அதனால எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பையனுக்கு மட்டும் இல்லீங்க, உங்களுக்கும் எடுக்கணும்.

வீடியோல வந்தது பொய்யில்ல. பெல்ஜியம் பையன் மைக்கேல் ஹூலார்ட்ஸ், 23 வயசு, 2018ல பாரிஸ்-ரூபே ரேஸ்ல விழுந்தாரு, விழுந்ததால இதயம் நிக்கல, இதயம் நின்னதால விழுந்தாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. அவருக்கு முன்னாடி 2016ல டான் மிங்கேர், 22 வயசு. 2009ல ஃப்ரெடெரிக் நோல்ஃப், கத்தார்ல ரேஸ் நடந்துக்கிட்டிருந்தப்போ தூக்கத்துலயே போனாரு, 21 வயசு. இதையெல்லாம் கொரோனா ஊசியோட முடிச்சுப் போட்டு மெசேஜ் சுத்துது, வருஷத்தைப் பாருங்க, ஊசி வர்றதுக்கு முன்னாடியே நடந்தது. எண்பதுகளோட கடைசியிலயும் அதுக்கடுத்த சில வருஷத்துலயும் ஹாலந்து, பெல்ஜியம் வீரருங்க சிலர் இப்படிப் போனப்போ ரத்தத்தைக் கெட்டியாக்கற ஈபிஓ ஊசி மேல சந்தேகம் வந்துச்சு, நிரூபணம் ஆகல. பையன் ஜிம்மு பக்கம் போய் யாரு குடுத்த பவுடர், ஊசின்னாலும் வாங்கறவனான்னு அதையும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்குங்க.

இத்தாலில 1982ல இருந்தே ஈசிஜி எடுத்து டாக்டர் ஒப்புக்கிட்டாத்தான் போட்டியில கலந்துக்க முடியும். அங்க வெனெத்தோங்கற பகுதியில வருஷத்துக்கு லட்சம் வீரர்ல 3.6 பேரு இறந்துக்கிட்டிருந்தது 0.4க்கு எறங்குச்சு. அந்த ஒரு ஆராய்ச்சியை வெச்சு எல்லாருக்கும் ஈசிஜி கட்டாயம்னு சொல்ல முடியாதுன்னு அமெரிக்காக்காரங்க வாதாடுவாங்க, அந்த வாதம் உங்க வீட்டுக்கு எடுபடாது, உங்க கதையில மயக்கமும் இருக்குது, குடும்பச் சாவும் இருக்குது.

சைக்கிளை விக்க வேண்டாம், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பூட்டி வைங்க, அவ்வளவுதான். ஏத்தம், ரேஸ், ஜிம் எதுவும் வேண்டாம், நடக்கலாம். பாலக்காடோ பொள்ளாச்சியோ கோயமுத்தூரோ உங்களுக்கு எது தோதோ அங்க ஒரு இதய டாக்டரைப் பாத்து ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், 24 மணி நேரம் உடம்புல மாட்டித் துடிப்பைப் பதியற ஹோல்டர் எடுக்கச் சொல்லுங்க. எக்கோல தசைச் சுவரு 12 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நிம்மதி, 13ல இருந்து 15 வந்தா அது பயிற்சியால தடிச்சதா நோயால தடிச்சதான்னு சொல்றது எங்களுக்கே கஷ்டம், அப்போ எம்ஆர்ஐ எடுப்போம், சில சமயம் ரெண்டு மூணு மாசம் பயிற்சியை நிறுத்திப் பாப்போம், பயிற்சித் தடிப்புன்னா கொறைஞ்சுரும். ஆனா எக்கோ நார்மல்னு வந்தாலும் மிதிக்கறப்பவே மயங்கினது உண்மைன்னா அங்கயே நிறுத்திறக் கூடாது, ரத்தக்குழாய் எங்கிருந்து கெளம்புதுன்னு சிடி ஸ்கேன்ல பாக்கச் சொல்லிக் கேளுங்க.

நோய் இருந்தாலும் எல்லாம் முடிஞ்சுரலீங்க. இத்தாலி சைக்கிள் வீரர் சோனி கோல்ப்ரெல்லி 2022ல ஸ்பெயின்ல ரேஸ் முடிஞ்ச எடத்துல விழுந்தாரு, உடனே நெஞ்சை அமுக்கி ஷாக் குடுத்துக் காப்பாத்துனாங்க, துடிப்பு தடுமாறுனா தானா ஷாக் குடுக்கற ஐசிடிங்கற சின்னக் கருவியை உள்ளுக்குள்ள வெச்சாங்க, இத்தாலி விதி ஒத்துக்காததால ரேஸை விட்டுட்டாரு, உயிரோட இருக்காரு. அதே மாதிரிக் கருவியோட டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மறுபடி ஃபுட்பாலே ஆடுனாரு.

கூட ஓட்டற பசங்களுக்கு நெஞ்சை அமுக்கக் கத்துக்கச் சொல்லுங்க. விழுந்தவன் கூப்பிட்டா எந்திரிக்கல, மூச்சு சரியா இல்லன்னா தண்ணி தெளிச்சுக்கிட்டு நிக்காம நெஞ்சு நடுவுல ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அமுக்கணும், இன்னொருத்தன் 108க்குப் போன் பண்ணி எடுத்த எடுப்புலயே ஊர், மாவட்டம், கேரளாவா தமிழ்நாடான்னு சொல்லணும். காய்ச்சல் இருக்கற நாள்லயும் உடம்பு தேறற வரைக்கும் உங்க பையன் சைக்கிளை எடுக்கவே கூடாது.

உங்க தம்பிக்குக் குழந்தைங்க இருக்குதா? நீங்க எழுதல. இருந்தா அவங்கம்மாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, அதுங்களுக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்கணும், ஒரு தடவை நார்மல்னு வந்தாலும் பத்து வயசு தாண்டறப்போ இருந்து வளர்ற வரைக்கும் வருஷா வருஷம் பாக்கணும்.