கூர்வளைவு இருந்தால் கோத்திக் ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

இடைக்கால ஐரோப்பாவின் கோத்திக் பேராலயங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கூர்முனை வளைவு, விலா வளைகூரை, பறக்கும் முட்டு ஆகிய மூன்றும் கோத்திக்கின் அடையாளம் என்கிறது பாடப்புத்தகம். ஆனால் இவற்றில் சில அதற்கு முன்பே இருந்தன என்றும் படித்தேன். அப்படியென்றால் எதை வைத்து ஒரு கட்டடத்தைக் கோத்திக் என்பது?
கட்டடக்கலை மாணவி, கோவை

உங்கள் சந்தேகம் சரியானது. இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தை 1093இல் தொடங்கி, 1133க்குள் விலா வளைவுகளோடு, அதாவது விலா எலும்புபோல ஓடும் கல் வளைவுகளோடு, கல்கூரை போட்டுவிட்டார்கள். கூர்வளைவு இஸ்லாமியக் கட்டடங்களில் அதற்கும் முந்தியது. பிரான்சின் குளூனி மடத்து ஆலயத்திலும் இருந்தது. ஆனாலும் டர்ஹமின் சுவர்கள் கோட்டைச் சுவர்போலத் தடித்தவை. ஜன்னல் என்பது அந்தச் சுவரில் குடைந்த ஓட்டைதான்.

கோத்திக்கில் இந்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று வேலை பிரித்துக்கொள்கின்றன. கூரையின் பாரத்தை விலா வளைவுகள் நான்கு மூலைகளுக்குக் கொண்டுவருகின்றன. கூர்வளைவு அந்த பாரத்தின் பக்கவாட்டு உதையை, அதாவது சுவரை வெளியே தள்ளும் விசையை, குறைக்கிறது. மிச்சமுள்ள உதையை, வெளியே தள்ளி நின்று கல் கையை நீட்டிச் சுவரைத் தாங்கும் பறக்கும் முட்டு வாங்கிக்கொள்கிறது. மூலைகளுக்கு இடையிலுள்ள சுவருக்குப் பாரம் சுமக்கும் வேலை அநேகமாக இல்லாமல் போகிறது. அதனால்தான் அந்த இடத்தைக் கண்ணாடிக்கு விட முடிந்தது.

பாரிசுக்கு வடக்கே செயின்ட் டெனி மடத்து ஆலயத்தின் பீடப்பகுதியை மடத்தலைவர் சுஜேர் 1140இல் தொடங்கி 1144இல் அர்ச்சித்தார். மெல்லிய தூண்களும் வரிசையாக ஜன்னல்களும் கொண்ட அந்தப் பகுதியைத்தான் பெரும்பாலோர் கோத்திக்கின் தொடக்கமாகச் சொல்வார்கள். இந்த முறை எந்த எல்லைவரை போனது என்று பார்க்க 1248இல் அர்ச்சிக்கப்பட்ட பாரிஸ் செயின்ட் சப்பெல் சிற்றாலயம் போதும். மேல்தளத்தில் சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு 15 ஜன்னல்கள், நடுவில் ஒல்லியான கல்தூண்கள், அவ்வளவுதான். அங்கே பறக்கும் முட்டுகூட இல்லை! சுவரை ஒட்டிய முட்டுத்தூண்களும், கல்லுக்குள் மறைத்துப் போட்ட இரும்புச் சங்கிலிகளும் சேர்ந்து கூரையைப் பிடித்திருக்கின்றன. ஆகவே உறுப்புகளை எண்ணாதீர்கள். மனத்துக்குள் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள சுவரை எடுத்துப் பாருங்கள்; கூரை நிற்கும் என்று தோன்றினால் அது கோத்திக் கட்டுமானம்.

கூர்வளைவு அழகுக்காகவா, பலத்துக்காகவா? தளத்தில் அதை எப்படி வரைந்தார்கள்?
சிவில் டிப்ளமோ மாணவர், திருச்சி

முதலில் வரைவோம். இடைவெளி 6 மீட்டர் என்று வையுங்கள். இரு முனைகளிலும் ஆப்பு அடியுங்கள். 6 மீட்டர் கயிற்றை இடது ஆப்பில் கட்டி, வலது முனையிலிருந்து மேல்நோக்கி ஒரு வில் போடுங்கள். பிறகு வலது ஆப்பிலிருந்தும் அப்படியே. இரண்டு விற்களும் சந்திக்கும் உச்சி 5.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். இன்னொரு முறையில் இடைவெளியை 5 பாகமாக்கி, ஆப்புகளை இரு முனைகளிலிருந்தும் ஒரு பாகம் உள்ளே தள்ளி அடித்து, 4 பாகக் கயிறு, அதாவது 4.8 மீட்டர், பிடிப்பார்கள். அப்போது உச்சி சுமார் 4.45 மீட்டர். இதே இடைவெளிக்கு அரைவட்டம் போட்டால் 3 மீட்டர்தான் எழும்பும்.

இடைவெளியும் பாரமும் மாறாமல் இருந்தால், வளைவு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பக்கவாட்டு உதை குறையும். ஐந்து பாக வளைவில் உதை அரைவட்டத்தைவிடத் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குறைவு.

கொத்தனாருக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. 6 மீட்டருக்கு 12 மீட்டர் என்று நீள்சதுரமாக ஒரு கட்டம் இருக்கிறது. நான்கு பக்கமும், மூலைக்கு மூலையும் அரைவட்டமே போட்டால் குறுகிய பக்கம் 3 மீட்டர், அகலப் பக்கம் 6 மீட்டர், மூலைவிட்டம் 6.7 மீட்டர் என்று மூன்று உச்சிகள் மூன்று மட்டத்தில் நிற்கும். கூரை மேடும் பள்ளமுமாகிவிடும். கூர்வளைவில் ஆப்பை நகர்த்தினால் போதும், எந்த அகலத்துக்கும் வேண்டிய உயரம் கிடைக்கும். பல வளைவுகளுக்கு ஒரே கயிற்று நீளத்தை வைத்துக்கொண்டால், ஒரே அச்சுப் பலகையில் எல்லாவற்றுக்கும் கல் செதுக்கலாம். அளவு மாறும்போதெல்லாம் புது அச்சு செய்ய வேண்டியதில்லை.

பறக்கும் முட்டு உண்மையில் எதைத் தாங்குகிறது? ஒரே சுவருக்கு ஏன் மேலும் கீழுமாக இரண்டு?
ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை

கீழ்க் கை வளைகூரையின் உதைக்கு. மேல் கை காற்றுக்கும், செங்குத்தான மரக்கூரைக்கும். இந்த மரக்கூரை கல் வளைகூரைக்கு மேலே தனியாக நிற்பது. இவ்வளவு உயரத்தில் அதன்மேல் அடிக்கும் காற்று சாதாரணமல்ல. முட்டின் வெளித்தூண் தலையில் கல் ஊசிமாடம் வைப்பது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. அதன் எடை தூணைக் கீழே அழுத்துவதால், உதை தூணின் வெளிப்பக்கத்துக்கு விலகிப் போகாமல் உள்ளேயே இறங்கும்.

வேலையின் வரிசை முக்கியம். தூண்களும் சுவரும் முட்டுகளும் முதலில். அவற்றின்மேல் மரக்கூரை. அதன் நிழலில்தான் கல் வளைகூரை. விலா வளைவின் அடிக்கற்களைப் படுக்கை வாட்டத்திலேயே சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அதற்குச் சென்ட்ரிங் தேவையில்லை. அதற்கு மேலுள்ள பாதிக்குத்தான் மரச் சென்ட்ரிங். உச்சியில் பூட்டுக்கல் இறங்கியதும் விலாக்களுக்கு நடுவே மெல்லிய கற்களால் மூடி, வளைவின் இடுப்புப் பள்ளத்தில் கல்லும் சாந்துமாக நிரப்புவார்கள். அந்த நிரப்பு இல்லாவிட்டால் இடுப்பு வெளியே பிதுங்கி, உச்சி கீழே இறங்கும். சுண்ணாம்புச் சாந்து இறுக மாதக்கணக்கில் ஆகும். சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரித்தால் வளைவு நெளியும். குளிர்காலத்தில் ஈரச் சாந்து உறைந்து உதிராமலிருக்க, முடியாத சுவர்களின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவைத்தார்கள்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் போவே பேராலயம் இருக்கிறது. பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் வளைகூரை சுமார் 33 மீட்டர், ஆமியேன் பேராலயத்துடையது 42 மீட்டர். போவே 48 மீட்டருக்குப் போனது. 1225இல் தொடங்கி 1272இல் முடித்த பீடப்பகுதியின் கூரை 1284இல் சரிந்தது. காற்றினால் ஒல்லியான முட்டுத்தூண்கள் அசைந்ததா, அல்லது சாந்து மெதுவாக அமுங்கியதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். திரும்பக் கட்டியவர்கள் செய்த வைத்தியம் தெளிவாகத் தெரிகிறது: தூண்களுக்கு நடுவே புதிய தூண்களைச் சொருகி இடைவெளியைப் பாதியாக்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 1569இல் நடுவில் 153 மீட்டர் கோபுரத்தை ஏற்றினார்கள். மேற்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க வேண்டிய நடுக்கூடம் கட்டப்படவேயில்லை. 1573 ஏப்ரல் 30, விண்ணேற்பு விழாவன்று, மக்கள் பவனியாக வெளியேறியிருந்த வேளையில் கோபுரம் விழுந்தது. நடுக்கூடம் இன்றுவரை இல்லை. 1960களில் முட்டுகளை இணைத்திருந்த பழைய இரும்புக் கம்பிகளை வேண்டாதவை என்று கழற்றினார்கள். காற்றில் முட்டுகள் ஆடத் தொடங்கவே, எஃகுக் கம்பிகள் போட வேண்டியதாயிற்று. பழைய கட்டடத்தில் எந்த உறுப்பையும் கணக்குப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

காத் இனத்தவர் கட்டியதாலா இந்தப் பெயர்?
வாசகர், நாகர்கோவில்

இல்லை. பழைய ஜெர்மானிய இனமான அவர்களுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள், முக்கியமாகக் கலை வரலாறு எழுதிய ஓவியர் வசாரி, காட்டுமிராண்டிப் பாணி என்ற இளப்பத்தில் இட்ட பெயர். கட்டிய காலத்தில் இதைப் 'பிரெஞ்சு வேலை' என்று சொன்ன குறிப்பு உண்டு.

சென்னை சாந்தோம் பேராலயமும் கோத்திக்தானே?
வாசகி, மயிலாப்பூர்

நவ கோத்திக். இப்போதுள்ள கட்டடம் 1896இல் திறக்கப்பட்டது. கூர்வளைவு, ஊசிக்கோபுரம் எல்லாம் இடைக்காலத்தைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டினர் எடுத்துக்கொண்டவை. இப்படிப்பட்ட எந்த ஆலயத்துக்குள் போனாலும் முதலில் அண்ணாந்து பாருங்கள். கல்லா, மரமா, பூச்சா என்று கூரை சொல்லும். வெளியே உள்ள முட்டுக்கு உண்மையில் வேலை இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் நடுவே ஒரு வளைவுமேல் இன்னொன்று தலைகீழாக நிற்கிறதே, ஏன்?
வாசகர், யாழ்ப்பாணம்

அது பிற்பாடு செய்த மருத்துவம். நடுக்கோபுரத்தை உயர்த்திய பிறகு அடித்தளம் அமுங்கித் தூண்கள் விலகத் தொடங்கின. 1338 முதல் 1348 வரை, கத்தரிக்கோல் போன்ற அந்த வளைவுகளைத் தூண்களுக்கு நடுவே செருகி நிறுத்தினார்கள். கீழ்வளைவும் தலைகீழ் வளைவும் சேர்ந்து தூண்களுக்கு நடுவே முட்டுக்கொடுக்கின்றன. இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்திலும் இதே கதைதான்: 123 மீட்டர் ஊசிக்கோபுரத்தின் பாரத்தில் நடுத்தூண்கள் வளைந்திருப்பது கீழே நின்று பார்த்தாலே தெரியும்.

கூரை விளிம்பில் வாயைப் பிளந்திருக்கும் பூதங்கள் திருஷ்டிக்கா?
வாசகி, சேலம்

அவை மழைநீர்த் தூம்புகள். கூரை நீர் பறக்கும் முட்டின் முதுகில் வெட்டிய கால்வாய் வழியே இறங்கி, பூதத்தின் வாய்வழியாகச் சுவரை விட்டுத் தள்ளி விழும். கழுத்து அவ்வளவு நீளமாக இருப்பது அதற்காகத்தான். தொண்டையில் இலை அடைத்தால் நீர் கல் இணைப்புக்குள் இறங்கும். குளிரில் உறைந்து கல்லைப் பிளக்கும். ஆனால் நோத்ர் தாம் மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பூதம் தூம்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் வியோலே லெ துக் நடத்திய புதுப்பிப்பில் சேர்த்தது.

2019 தீயில் நோத்ர் தாம் முழுவதும் விழாமல் தப்பியது எப்படி?
வாசகர், பாரிஸ்

ஏப்ரல் 15 அன்று எரிந்தது மேலே இருந்த ஓக் மரக்கூரையும் அதன் ஈயத் தகடும். கல் வளைகூரை தீக்கும் தரைக்கும் நடுவே தட்டிபோல நின்றது. ஊசிக்கோபுரமும் உத்தரங்களும் விழுந்த இடங்களில் மட்டும், அதாவது நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் சந்திக்கும் நடுச்சந்தியிலும் அதை ஒட்டிய இரண்டு இடங்களிலும், அது உடைந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பயம். வளைகூரை இன்னும் விழுந்தால், எதிர்உதை இல்லாமல் பறக்கும் முட்டுகளே சுவரை உள்ளே தள்ளிவிடும். ஆகவே முட்டுகளுக்கு அடியில் அளவெடுத்து மரச் சென்ட்ரிங் கொடுத்தார்கள். கற்களைப் பரிசோதித்தபோது, 1160களிலிருந்தே இரும்புக் கவ்விகளால் அவற்றைப் பிணைத்திருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

வண்ணக் கண்ணாடி ஜன்னலை எப்படிச் செய்தார்கள்? பழைய கண்ணாடி அடியில் தடித்திருப்பது, அது காலப்போக்கில் வழிந்ததாலா?
ஓவிய ஆசிரியை, புதுச்சேரி

12ஆம் நூற்றாண்டுச் செய்முறை ஒன்றின்படி, பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. செம்புச் சிவப்பைக் கனமாக வார்த்தால் ஒளியே வராது. ஆகவே வெள்ளைக் கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புத் தோலாக ஏற்றினார்கள். சுண்ணாம்பு பூசிய பலகையில் முழு அளவுப் படம் வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்துப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கீறிப் பிளப்பார்கள். ஓரத்தைக் கொறடால் கொறித்து ஒழுங்காக்குவார்கள். முகம், துணி மடிப்பு எல்லாம் உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் ஒயினில் குழைத்த கரும்பூச்சு. அதைச் சூளையில் சுட்டால்தான் ஒட்டும். பிறகு துண்டுகளை இருபுறமும் பள்ளமுள்ள ஈயப்பட்டைகளில் செருகி, சந்திப்புகளை வெள்ளீயத்தால் பற்றவைத்து, இரும்புச் சட்டங்களில் கட்டுவார்கள். ஈயம் நாளாக ஆகத் தளர்ந்து பலகம் புடைக்கும். சாம்பல் உப்பு மிகுந்த அந்தக் கண்ணாடியை ஈரம் அரித்துக் குழி போடும்.

வழிந்ததாகச் சொல்வது சரியல்ல. அறை வெப்பத்தில் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய, பிரபஞ்சத்தின் வயதே போதாது. ஊதிச் செய்த தகடு எங்கும் ஒரே தடிமனாக வராது. தடித்த ஓரம் பக்கவாட்டிலும் மேலேயும் இருக்கும் துண்டுகளும் பழைய ஜன்னல்களில் கிடைக்கின்றன.